காற்றுப் பெட்டியில் ஒரு கீற்று

ஜனவரி 12, ஞாயிறு

ஒரு நாவலின் மெய்ப்பு நாளைக்குள் பதிப்பகத்துக்குப் போக வேண்டும். இருந்தும் காலை முழுவதும் அக்காவுடன் கொட்டகையில் கழிந்தது.

பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் தொழிலை விட்டபோது அந்த நீளக் கொட்டகையை அக்கா வாடகைக்கு எடுத்தாள். இறக்கையை விரித்து வைக்க அப்படி ஒரு நீளம் வேறெங்கும் கிடைக்காது என்றாள். அவள் அதில் விமானம் கட்டுகிறாள் என்பதை யாரிடமாவது சொல்லும்போது இப்போதும் என் நாக்கு சற்றுத் தயங்குகிறது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். வரைபடமும் உதிரிகளும் பெட்டி பெட்டியாக வெளிநாட்டிலிருந்து வந்தன. துளையிட்டு, ரிவெட் அடித்து, ஒன்றாகச் சேர்த்தது எல்லாம் பூங்கொடி அக்காதான். வார நாட்களில் பம்ப் உதிரிகள் கடையும் லேத் பட்டறை, ஞாயிற்றுக்கிழமைகளில் இது. அம்மா அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அக்கா தன் ஞாயிறுகளை எதற்குக் கொடுக்கிறாள் என்று கேட்க வேறு ஆளில்லை.

மிச்சம் இருப்பது காற்றுப் பெட்டி ஒன்றுதான். எஞ்சினுக்கு அடியில் தொங்கும் ஃபைபர் கிண்ணம். அதற்கு மூடியாக ஒரு அலுமினியத் தகடு. இரண்டுக்கும் நடுவே நீள்வட்ட வளையமாக ஏர் ஃபில்டர். எஞ்சின் இழுக்கும் காற்று முழுவதும் ஃபில்டரைத் தாண்டித்தான் கார்புரேட்டருக்குள் போக வேண்டும். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மேலும் கீழும் ஒட்டி உட்காராவிட்டால் காற்று இடுக்கு வழியாகப் புகுந்துவிடும், தூசியையும் இழுத்துக்கொண்டு. எங்களுக்கு அடுத்த கொட்டகை தென்னை நார் மில். துண்டை உதறினால் பழுப்பாகக் கொட்டுகிறது.

சோதிக்கும் முறை எளிது. பெட்டியின் வாய்க்குள் ஒரு சின்ன விளக்கைச் செருக வேண்டும். போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, மேல் தகட்டின் துளையில் கண்ணை வைக்க வேண்டும். ஃபில்டர் துணி மங்கிய சிவப்பாகத் தெரியும். இடுக்கு இருந்தால் வெள்ளைக் கீற்று. அக்கா கண்ணாடி போடுகிறவள், துளையோடு கண்ணை ஒட்ட முடியாது. பிழை பார்ப்பது என் பிழைப்பு என்பதால் அந்த வேலை எனக்கு.

“என்ன தெரியுது?” என்றாள் போர்வைக்கு வெளியிலிருந்து.

“இடது பக்கம் ஒரு கீத்து. அரிசி நீளம்.”

“அரிசின்னா, பச்சரிசியா பிரியாணி அரிசியா?”

“பிரியாணி அரிசி.”

“அட கெரகமே.”

ஃபைபர் கிண்ணம் அந்த இடத்தில் ஒரு நூல் கனத்துக்குப் பள்ளமாம். சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாமே என்றேன்.

“பெட்ரோல் பட்டா சிலிக்கான் ஊறிப் பொதபொதன்னு ஆயிரும். ஒரு துண்டு பிஞ்சு கார்புரேட்டருக்குள்ள போச்சுன்னு வெய்யி, எஞ்சினுக்கு மூச்சு முட்டிக்கும். மேல போயி ஓரமா நிறுத்திப் பாக்க முடியுமா?”

அதனால் இரண்டு டப்பாக்களைக் கலந்து செய்யும் சாம்பல் நிறப் பேஸ்ட். அதைக் கிண்ணத்தின் விளிம்பில் இழைத்தாள். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரை அதன் மேல் விரித்து, ஃபில்டரை வைத்து, திருகி மூடினாள். இறுகியதும் திறந்தால் பேஸ்ட் ஃபில்டரின் வடிவத்தை அப்படியே வாங்கியிருக்கும். அழுகிய முட்டை வாடை.

“கோழி போயும் முட்டை நாத்தம் போகல பாரு” என்றாள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கோலம் போட்டேன். அக்கா பால் காய்ச்சினாள். எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது. வாய் மட்டும் எதையோ மெல்வது போல அசைந்தது. இடது கை விரல்கள் சட்டை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் கேஸை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில், “ஏலக்காய் எடு” என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்து, “ஏன்டி, பக்கத்துல நின்னுட்டே பொங்க விட்டயா?” என்று என்னைத் திட்டினாள்.

அசதி. பட்டறையிலும் வேலை, கொட்டகையிலும் வேலை. வேறொன்றும் இருக்காது.

ஜனவரி 19, ஞாயிறு

எட்வின் சார் வந்திருந்தார். அக்காவுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஓய்வு பெற்றவர், தூத்துக்குடிக்காரர். அனுமதி எல்லாம் வந்தாயிற்று. ஒரு மில்காரர் அந்தக் காலத்தில் போட்டுவைத்த ஓடுபாதையை சார் ஒரு நாள் காலைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார். முதல் பறப்பில் ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் ஏறக்கூடாதாம். அக்கா தனியாகப் போவாள்.

“காத்து கெளம்புறதுக்கு முன்னாடி முடிச்சிரணும், என்னம்மா. பிப்ரவரி முதல் வாரம் வச்சுக்கிடுவோம்” என்றார்.

அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அல்லது மறந்துவிட்டேன்.

அவர் போன பிறகு பெட்டியைத் திறந்து, பட்டர் பேப்பரை உரித்து, திரும்ப மூடிச் சோதித்தோம். போர்வைக்குள் நார்த்தூசி வாசனை. வலது பக்கம் கீற்று தெரிகிறது என்றேன்.

“வலது பக்கமா? அங்க போன தடவ ஒண்ணுமில்லயே?”

“இப்ப இருக்கு.”

அக்கா மறுபடி பேஸ்ட் கலந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

அந்த மெய்ப்பை ஒரு வாரம் தாமதமாக அனுப்பிவிட்டேன். பிழை இல்லை என்று சொன்னால் இன்னொருவர் சரிபார்க்கிறார். இருக்கிறது என்று சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொட்டகைக்குப் போகும் வழியில் அக்கா ஸ்கூட்டர் ஓட்டினாள், நான் பின்னால். மில் முக்கில் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. வண்டி தானாக வேகம் குறைந்து ரோட்டோரத்து மண்ணில் இறங்கியது. எதிரே செங்கல் லாரி. பின்னாலிருந்து எட்டி ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் காலை ஊன்றி நின்றோம். லாரி போன பிறகு அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஏன்டி ஹேண்டில இழுக்கற? கொன்னுப் போடுவ போலிருக்குது!”

“நாய் குறுக்க வந்துச்சு.”

“நான் பாக்கலயே.”

“சின்ன நாய்.”

பெட்டியில் இன்றும் ஒரு கீற்று தெரிவதாகச் சொன்னேன். பின்பக்க வளைவில். அக்கா இந்த முறை பேசாமல் திறந்து, சிகரெட் தாளைவிட மெல்லிய காகிதத்தை விளிம்பு முழுக்க நுழைத்துப் பார்த்தாள். எங்கும் நுழையவில்லை.

“கீத்து பெட்டில இல்ல அம்மிணி. உன்ற கண்ணுல இருக்குது” என்றாள். கோபமில்லை. “அடுத்த ஞாயித்துக்கிழமை எட்வின் சார் வர்றாரு. அவரு பாத்துச் சொல்லட்டும். அவரு சரின்னா அதோட முடிஞ்சுது.”

எல்லா நாவல்களிலும் இந்த இடத்தில் ஒருத்தி வாயைத் திறந்து பேசுவாள். படிக்கும்போது, இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று பக்க ஓரத்தில் எத்தனை முறை எழுத நினைத்திருக்கிறேன். ஆனால் என்னவென்று சொல்வது? பத்து வயதில் மொட்டை மாடியில் நின்று சூலூர் விமானப்படை விமானங்களை எண்ணியவளிடம், நீ இருக்கும்போதே சில நேரம் இல்லாமல் போகிறாய் என்றா?

பிப்ரவரி 1, சனி

அக்கா பட்டறையில். கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவிட்டு வந்தேன். எவ்வளவு கூட்டினாலும் எங்கிருந்தோ இறகு வருகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

எட்வின் சார் போர்வைக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார்.

“ஏம்மா பூங்கொடி, இது கீத்தா? ஜன்னலு மாதிரில்லா இருக்கு!”

அக்கா திறந்தாள். விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பேஸ்டே இல்லை. குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கட்டை விரலால் அந்த இடத்தின் இரு முனைகளையும் தடவினாள். “பேஸ்ட் சரியாப் புடிக்கல சார். இன்னொரு வாரம் ஆகும்” என்றாள். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே பேசினாள்.

“சாரு, அது தானாப் பிஞ்சதில்ல. பிளேடு போட்டு வெட்டியிருக்குது. முனையெல்லாம் நேரா இருக்குது.”

“யாராவது உள்ள வந்து…”

“சாவி நம்மகிட்டத்தான். நீ அதுல கை வெக்கவே பயப்படுவ.” உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். “எனக்கு நடுவுல நடுவுல கொஞ்சம் காணாமப் போகுது. போன மாசம் லேத்துல ஒரு ஷாஃப்டு அளவு தப்பிப்போச்சு. அதக் கடைஞ்சதே எனக்கு நெனப்பில்ல. பக்கத்து லேத்து வெங்கிடுசாமி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுத் தோளத் தொட்டாராம்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா டாக்டர்கிட்டப் போலாம்ப. போனா பறக்கற லைசென்ஸ் போயிரும்.” சற்று நிறுத்தினாள். “அந்த மாதிரி நேரத்துல என்ற கைதான் வெட்டியிருக்கோணும். வேற யாரு? நான் ஓட்டப் போறதில்ல சாரு. எட்வின் சார்கிட்டச் சொல்லிர்றேன்.”

நவம்பரிலிருந்து நான் காத்திருந்த வாக்கியம் இது. வந்துவிட்டது. சாப்பாடு எடுத்து வைத்தேன். அக்கா ரசம் மட்டும் குடித்தாள். எனக்கு நன்றாகப் பசித்தது.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் அக்கா பட்டறைக்குப் போகவில்லை. காய் நறுக்கித் தரச் சொன்னேன். அரிவாள்மனையைப் பார்த்து, “வேண்டாம், நீயே நறுக்கிக்கோ” என்றாள். அடுப்பருகிலும் வரவில்லை. கூடத்து நாற்காலியில், இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விமானத்தையே செய்த கைகள்.

இந்த நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்டவற்றை இப்போது எழுதுகிறேன். முதல் கீற்று உண்மை. மற்ற இரண்டும் நான் இட்டுக்கட்டியவை. மூன்றாவது பொய் என்று எட்வின் சார் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் சனிக்கிழமை போய், பிளேடால் வெட்டி அதை உண்மையாக்கினேன்.

அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“அக்கா, வெட்டினது உன் கை இல்ல. நான்.”

அவள் முகம் முதலில் லேசானது. அதுதான் என்னை உடைத்தது. பிறகுதான் மற்றதெல்லாம் அவளுக்கு எட்டியது. கத்துவாள் என்று நினைத்தேன். பட்டறைக்காரி கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

“வெட்டுன துண்டு எங்க?”

“என் மேசையில.”

“மொத்தமும் இருக்குதா?”

தெரியவில்லை. காகிதத்தில் மடித்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கொட்டகைக்குப் போனோம். துண்டுகளை ஒவ்வொன்றாக அந்த இடத்தில் பொருத்தினாள், உடைந்த பாத்திரத்தை ஒட்டுவது போல. கடைசியில் பாதி நகம் அளவுக்கு இடம் மிஞ்சியது.

“பத்தல” என்றாள்.

தரையில் தேடினோம். கிண்ணத்தில் தேடினோம். ஃபில்டரை வெளியே எடுத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தோம். மதியம் தாண்டி அக்கா ஒரு மடிப்பின் அடியிலிருந்து ஊசி முனையில் அதை எடுத்தாள்.

“இது எந்தப் பக்கம்?”

“உள்பக்கம்.”

“அப்பிடின்னா?”

“ஃபில்டரத் தாண்டின பக்கம்.”

“நேரா கார்புரேட்டர்.” துண்டைத் துணியில் வைத்தாள். “என்னயக் காப்பாத்தறதுக்கு வெட்டினயாக்கும்.”

நான் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன்.

“எப்பருந்து தெரியும் உனக்கு?”

“நவம்பர்லருந்து. தோசை ஊத்தும்போது மொதல்ல.”

“ஸ்கூட்டர்ல அன்னைக்கு? நாய்?”

“நாய் வரலக்கா.”

வெளியே நார் மில்லின் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்தாள், போடவில்லை.

“நோவு வந்தா வந்துட்டுப் போகுது. ஒரு ராத்திரி முழுக்க என்ற கையவே நான் சந்தேகப்பட்டேன். பக்கத்து ரூம்ல நீ படுத்திருந்த. தூங்கினயா?”

தூங்கினேன். அதையும் சொன்னேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கோயமுத்தூரில் நரம்பியல் மருத்துவர். இளம் பெண், என் வயதுதான் இருக்கும். அக்காவின் தலையில் ஒயர்களை ஒட்டி வரைபடம் எடுத்தார்கள்.

“அந்த நேரத்துல என்ன ஆகுதுன்னு சொல்லுங்க” என்றார் மருத்துவர்.

“எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான்தான் அங்க இருக்கறதில்லயே” என்றாள் அக்கா.

மருத்துவர் என்னிடம் திரும்பினார். “நீங்க பாத்திருக்கீங்கல்ல? செஞ்சு காட்டுங்க.”

எழுந்து நின்றேன். கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தினேன். வாயை மென்றேன். இடது கை விரல்களால் துப்பட்டா ஓரத்தைத் தேய்த்தேன். மருத்துவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன்னிடம் எப்படி இருக்கும் என்று அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை.

“அப்பிடியா பண்றேன்?”

“ஆமா.”

“மாடு அசை போடற மாதிரி இருக்குது” என்றாள். சிரிக்க முயன்றாள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

வலிப்பில் இது ஒரு வகையாம். மாத்திரை உண்டு. அளவு சரியாகப் பிடிபடச் சில மாதங்கள் ஆகலாம். ஸ்கூட்டர் கூடாது. லேத் இப்போதைக்குக் கூடாது. விமானத்தைப் பற்றி அக்காவே கேட்டாள். மருத்துவர் பதில் சொல்வதற்கு முன் பேனாவை மூடி வைத்தார்.

பிப்ரவரி 7, வெள்ளி

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். மாவு அரைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் தானாகவே, “கொட்டகைக்குப் போலாம், வா” என்றாள். பஸ்ஸில் போனோம்.

எட்வின் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம், போன வாரமே, நான் கடைக்குப் போயிருந்தபோது. “நீ ரெடி பண்ணு, நான் ஓட்டுதேன்” என்று மட்டும் சொன்னாராம்.

பழைய பேஸ்ட் முழுவதையும் சுரண்டி எடுத்தோம். சுரண்டியதை ஒரு தட்டில் சேர்த்தாள், ஒரு துகளும் கீழே விழவில்லை. கிண்ணத்தை அசிட்டோன் போட்டுத் துடைத்தாள். பேஸ்ட் கலக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாள். கோடு தெரியாமல் ஒரே நிறமாகும் வரை கலக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தாள். முன்பெல்லாம் நின்று பார்க்க மாட்டாள்.

வேலை நடுவில் ஒரு முறை அவள் போய் வந்தாள். கையிலிருந்த பேஸ்ட் கரண்டியை நான் வாங்கி வைத்திருந்தேன். திரும்பி வந்தவள் வெறும் கையைப் பார்த்தாள்.

“போனனா?”

“ம்.”

“சாரு, இத ஒரு தடவதான் சொல்லுவேன். இனிமே நான் போயிட்டு வந்தா எங்கிட்டச் சொல்லிரோணும். நான் என்ன பண்ணிட்டிருந்தேன், என்ன நடந்துச்சு, எல்லாத்தையும். எனக்கு நல்லதுன்னு நெனச்சு எதையாச்சும் மறைச்சயோ, அதோட நமக்குள்ள பேச்சில்ல.”

“சொல்றேன்.”

“நாய் கீய் வரக்கூடாது.”

“வராது.”

பட்டர் பேப்பர் விரித்து மூடினோம்.

மார்ச் 2, ஞாயிறு

திறந்தோம். பேஸ்ட் கண்ணாடி போல வழவழவென்று இறுகியிருந்தது. பட்டர் பேப்பரை உரித்து, திரும்ப மூடி, விளக்கைச் செருகினேன். பழக்கத்தில் போர்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளப் போனேன்.

“நீ வெளக்கப் புடி” என்றாள். “நான் பாத்துக்கறேன்.”

கண்ணாடியோடு போர்வைக்குள் போனாள். உள்ளே செல்போன் கேமராவைத் துளையில் வைத்துப் படம் எடுத்தாள். இத்தனை வாரமும் அதைச் செய்திருக்கலாம். என் கண் போதும் என்று இருந்திருக்கிறாள்.

வெளியே வந்து படத்தை என்னிடம் காட்டினாள். சிவப்பு வளையம். அதைச் சுற்றிலும் இருட்டு.

“எங்கயாச்சும் தெரியுதா?”

படத்தைப் பெரிதாக்கி, ஒரு வரியை இரண்டு முறை படிப்பது போல, விளிம்பு முழுவதையும் பார்த்தேன்.

“இல்லக்கா. எங்கயும் இல்ல.”

என்னிடம் கேட்டாள் என்பதை நான் இரவு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

விடிந்ததும் ஓடுபாதையில் இருந்தோம். இரண்டு பக்கமும் சோளத்தட்டு. இறக்கைகளை வெங்கிடுசாமி அண்ணன் முந்தின நாளே வந்து பூட்டிக் கொடுத்திருந்தார். அக்கா விமானத்தை ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தாள். காற்றுப் பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவள் முதுகு மண்ணைத் தட்டிக்கொள்ளவில்லை.

எட்வின் சார் ஏறி உட்கார்ந்தார். “என்னம்மா பூங்கொடி, ஏதாச்சும் சொல்லணுமா?”

“எஞ்சின் சத்தம் ஒரு பொட்டு மாறுனாலும் எறக்கிருங்க சார்.”

“அவ்வளவுதானா?”

“பத்திரமா ஓட்டுங்க. என்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுல இருக்குது.”

எஞ்சின் பிடித்தது. ஓடுபாதையின் கடைசிக்குப் போய்த் திரும்பி நின்றது. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். சத்தம் ஏறியது. செம்மண் எழுந்தது. விமானம் எங்களை நோக்கி ஓடிவரத் தொடங்கியபோது அவள் பிடி தளர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். கண் ஒரு இடத்தில் நின்றிருந்தது. வாய் மெல்லத் தொடங்கியிருந்தது. விரல்கள் சட்டை ஓரத்தைத் தேடித் தேய்த்தன.

அக்கா என்று கூப்பிட்டேன். தோளை உலுக்கினேன். கூப்பிட்டால் வராது என்று தெரியும். அவள் விழாமல் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அவளுக்காகப் பார்த்தேன். எந்த மெய்ப்பையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

சத்தம் எங்களைத் தாண்டிப் போய்த் தூரமான பிறகு அவள் கண் அசைந்தது. ஓடுபாதையைப் பார்த்தாள். அங்கே தூசி மட்டும். தென்னைகளுக்கு மேல் பார்த்தாள்.

“அட, எந்திரிச்சிருச்சு!” என்றாள். கை தட்டப் போனாள். தட்டவில்லை. என் கை தன் இடுப்பில் இருப்பதைப் பார்த்தாள்.

“எப்ப எந்திரிச்சுது சாரு?”

இப்பத்தான், நீ கண்ணைச் சிமிட்டின நேரத்தில் என்று சொல்லியிருக்கலாம். வானத்தில் விமானம் இருந்தது. அவள் நம்பியிருப்பாள்.

“நீ பாக்கலக்கா. ஓட ஆரம்பிச்சப்பவே போயிட்ட.”

அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. விமானம் மில் புகைபோக்கிக்கு அப்பால் இடதுபுறம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது.

“சொல்லு” என்றாள்.

“அந்த வெள்ளைக் கல்லு தாண்டினதும் முன்சக்கரம் மேல வந்துச்சு. அப்புறம் கொஞ்ச தூரம் அப்படியே ஓடிச்சு. மொதல்ல இடது சக்கரம் மண்ண விட்டுது. வலது சக்கரம் ஒரு தடவ திரும்பத் தொட்டுது, லேசா. அப்புறம் ரெண்டும் தொடல. நிழல் மட்டும் கீழ தனியாப் பிரிஞ்சு ஓடிச்சு.”

“சத்தம்?”

“மாறல. ஆரம்பத்துலருந்து ஒரே சத்தம்.”

“நல்லாக் கேட்டயா?”

“நல்லாக் கேட்டேன்.”

தலையசைத்தாள். என் கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

“மொதல்லருந்து சொல்லு” என்றாள். “மெதுவா.”

சொன்னேன்.